பெயர் மாற்றப்பட்டுள்ளது

'பயனாளி' என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருடம் அந்தச் சொல்லை எழுதிப் பிழைத்தவள் நான். அக்காவின் முன்னால் அதை வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

"இன்னா ஆளி?"

"பயனாளிக்கா. திட்டத்தால பயன் அடையறவங்க."

"நான் பந்து ஆட வந்துகீறேன். என்னியப் போயி ஆளி கீளின்னுகினு."

கள்ளிக்குப்பத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. அங்கே வாரத்தில் மூன்று மாலை, பெண்களுக்காக த்ரோபால். வீட்டு வேலை செய்பவர்கள், தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட நினைப்பவர்கள் என முப்பது பேர் வரை வருவார்கள். ஒரு பெரிய கம்பெனி நிதி கொடுத்தது. எங்கள் தொண்டு நிறுவனம் நடத்தியது. கொடுத்த நிதிக்குப் பலன் கிடைத்ததா என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமில்லையா, அதை அளந்து சொல்வது என் வேலை. விழுப்புரத்திலிருந்து வந்து ஆவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கையில் ஒரு டேப்லெட், தோளில் எடை மெஷின். என்னை 'மதிப்பீட்டு அலுவலர்' என்று அழைத்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

அங்கே ஆட வந்தவர்களில், நான் அக்கா என்று அழைத்தவருக்கு நாற்பதை ஒட்டி வயதிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், கறை பட்ட இடம் பார்த்து, அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அது திரும்பத் தையலுக்குப் போகும். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு சட்டைகள். அந்தக் கண் கம்பெனிக்கு வெளியிலும் மூடாது. என் குர்தாவின் பக்கத் தையல் பிரிந்திருந்ததை முதல் நாளே காட்டினார். மைதானத்துக் கோடு ஒரு பக்கம் கோணலாக இருந்தது என்று பயிற்சியாளரைச் சுண்ணாம்பு மாவோடு மறுபடி நடக்க வைத்தார். தவறாக இருக்கும் ஒன்றைப் பார்த்துவிட்டு அவரால் தாண்டிப் போக முடியாது. அவ்வளவுதான் அவர். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

முதல் வாரம் எல்லோரையும் எடை பார்த்தேன். மெஷினை மைதானத்து மண்ணிலேயே வைத்து, ஒவ்வொருவராக ஏற்றி, எண்ணை டேப்லெட்டில் அடித்தேன். பத்துப் பேர் முடிந்ததும் அவர் முறை வந்தது. ஏறினார். எண்ணைப் பார்த்தார். இறங்கினார். மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்கடியில் சிமெண்ட் தரையில் வைத்து மறுபடி ஏறினார். எண் வேறாக இருந்தது. இரண்டு கிலோ கூட.

"பாத்தியா? மண்ணுல வச்சா கம்மியாக் காட்டுது. இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் தப்பு. அவங்கள கூப்டு."

"பரவால்லக்கா, கடைசியிலயும் மண்ணுலயே வச்சு எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்ப தப்பாலயே சரி பண்ணுவியா? நல்லா படிச்சுகீற."

பத்துப் பேரையும் அவரே கூவி அழைத்து வரிசையில் நிற்க வைத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கோபத்தைச் சில நாள் மனதுக்குள் வைத்திருந்தேன்.

எடைக்குப் பிறகு கேள்விகள். 'உங்களுக்கென்று நீங்கள் நேரம் ஒதுக்குகிறீர்களா?' ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தர வேண்டும். ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, ஐந்து என்றால் எப்போதும். அவர் கொஞ்சம் யோசித்து, "நாலு போடு. ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வேல முடிஞ்சா டிவி பாக்கறேன். எனுக்கு இன்னா கொற?" என்றார்.

ஊட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். காலையிலும் சாயங்காலமும் அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஏழு பேரைப் பள்ளிக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவார். மனைவி ஆடும் நாட்களில் மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒல்லியான, பேச்சில்லாத மனிதர். ஒரு நாள் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டேன், அவர் இதற்கெல்லாம் மறுப்பு சொல்ல மாட்டாரா என்று.

"அவரா? ஒரு நாள் கூட கைய ஓங்கினதில்ல. அவங்கப்பன் குடிச்சுட்டு வந்து அவங்கம்மாவ அடிக்கிறத பாத்து வளந்தவரு. அந்த ஆளு குடிச்சே செத்தான். அதான், பத்து வயசுல முடிவு பண்ணாராம், அத்த தொடவே கூடாதுன்னு. கல்யாணத்துல கூட சோடாதான்." குரலைத் தாழ்த்தினார். "இத்த யார்கிட்டயும் சொல்லாத. அவருக்குப் புடிக்காது."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

எட்டு மாதம் ஓடியது. அவர் ஆட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத அளவு தேறினார். வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை இரண்டு கையாலும் வாங்கி, வாங்கின வேகத்திலேயே எதிர்ப்பக்கக் கோட்டின் ஓரத்துக்கு அனுப்புவார். எறிந்தபிறகு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவர் துணிக் கம்பெனிக்குப் போகும் வழியில் நான் ஒருமுறை கூடப் பார்த்ததில்லை.

பிறகு கடைசிக் கட்டக் கேள்விகள். அதே கேள்விகள், அதே மதிப்பெண். உங்களுக்கென்று நேரம் ஒதுக்குகிறீர்களா?

"ரெண்டு."

"அக்கா, போன தடவ நாலு சொன்னீங்க. ஆட வர ஆரம்பிச்சப்புறம் கூடத்தான செய்யணும்?"

"அப்ப டிவி பாக்கறத நேரம்னு நெனைச்சுகினு இருந்தேன். இங்க வந்தப்பறந்தான் தெரியுது, எனுக்குன்னு ஒரு மணி நேரம்னா இன்னான்னு. வாரத்துக்கு மூணு மணி நேரம் கீது. மிச்ச நேரமெல்லாம் யாருது? ரெண்டுதான். எழுதிக்கோ."

இன்றைக்கு யோசித்தால், அந்தத் திட்டத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே உண்மையான பாராட்டு அது. ஆனால் டேப்லெட்டுக்கு அது தெரியாது. நாலு இரண்டாகியிருக்கிறது, அதாவது இந்தப் பெண்ணுக்குத் திட்டத்தால் கெடுதல் நடந்திருக்கிறது என்று அது சொன்னது. எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் விளக்கினேன். அவர் நல்ல சட்டை போட்டு, மெதுவாகப் பேசுகிற ஆள்.

"புரியுதுமா. ரொம்ப இன்ட்ரெஸ்டிங். ஆனா இத யாருக்கு எக்ஸ்ப்ளைன் பண்ணப் போற? கேள்விய சரியா புரிஞ்சுக்கலன்னு போட்டு அந்த ஃபார்மத் தூக்கிடு."

தூக்கினேன். அத்தனை பேரில் கேள்வியை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் அக்கா ஒருவர்தான். அவரைத்தான் புரியாதவர் என்று தள்ளினேன்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆண்டறிக்கைக்கு ஒரு 'வெற்றிக் கதை' வேண்டும் என்றார்கள். அவருடைய புகைப்படம் ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. பந்தைக் கையில் வாங்கிச் சிரிக்கிற படம். அழகான படம்தான். அதற்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். துணிக் கம்பெனியில் வேலை செய்கிறார், மாலையில் ஆடுகிறார், நன்றாக ஆடுகிறார், அவருக்கு அது பிடித்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"நல்லாருக்கு. ஆனா இதுல என்ன மாறிச்சு? முன்னாடி நல்லா இருந்தாங்க, இப்பவும் நல்லா இருக்காங்க. கம்பெனிக்காரங்க ரெண்டு நிமிஷம்தான் படிப்பாங்க. அவங்களுக்கு ஒரு வலி வேணும்மா."

என்னிடம் ஒரு வலி கையிருப்பில் இருந்தது. யார் கொடுத்தது என்பதும் தெரியும். மாமனாரின் குடியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன். மாமியார் வாங்கிய அடியை எடுத்து அக்கா மேல் போட்டேன். தினமும் அடிவாங்கிய பெண், மைதானத்துக்கு வந்து தன்னம்பிக்கை பெற்று, கணவனை எதிர்த்து நிற்கிறாள், அவன் குடியை விட்டுவிடுகிறான். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கடைசியில் சின்ன எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்றும் போட்டேன். அப்படிப் போட்டுவிட்டால் குற்றமில்லை என்று நிஜமாகவே நம்பினேன். பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒருங்கிணைப்பாளர், "சூப்பர்மா" என்றார்.

அறிக்கை மட்டும் என்றால் அது ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் கிடந்திருக்கும். கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று, அந்தப் பக்கத்தையே பெரிதாக்கி பேனர் அடித்து, மைதானத்துச் சுவரில் தெருவைப் பார்க்கக் கட்டிவிட்டார்கள். வந்தவர்கள் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. ஒரு வாரம் தொங்கியது. காய்கறி வாங்கப் போனவர்கள், பிள்ளைகளை ஆட்டோ ஏற்றிவிட வந்த தாய்மார்கள், எல்லோரும் நின்று படித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வேலை இருந்ததால் எல்லோரும் வந்திருந்தோம். பதினொரு மணிக்கு அக்கா வந்தார். கையில் அறிக்கைப் புத்தகம். ஒருங்கிணைப்பாளர் மேஜையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். வரிக்கு வரி சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன.

"ஒம்போது கீது," என்றார். "எண்ணிக்கோ. குடிகாரன்றது தப்பு. அடிச்சான்றது தப்பு. நான் ஊட்டு மூலையில குந்திகினு அயுதேன்றது தப்பு. சரியா கீறது ஒண்ணே ஒண்ணுதான், நான் பந்து ஆடறேன்றது."

ஒருங்கிணைப்பாளர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா. இது உங்க கதையே இல்ல. உங்கள மாதிரி நெறைய பெண்களோட கதை. பேரக் கூட மாத்தியிருக்கோம் பாருங்க."

"பேர மாத்துன. மூஞ்சிய மாத்துனியா?"

"போட்டோவுக்கு நீங்க சம்மதக் கையெழுத்து போட்டிருக்கீங்கம்மா. ஃபைல்ல இருக்கு."

"பந்து ஆடறத போட்டோ புடிக்க கையெயுத்து போட்டேன். எம்புருசன குடிகாரன் ஆக்கவா போட்டேன்?"

அறையில் ஆறேழு பேர் இருந்தோம். ஒருவரும் நிமிரவில்லை. அக்கா நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொன்னார். "ரெண்டு ஊட்ல புள்ளைங்கள ஆட்டோவுல அனுப்பறத நிறுத்திட்டாங்க. குடிச்சுட்டு ஓட்டறவன் வண்டில எப்டி அனுப்பறதுன்னு கேக்கறாங்க. இருவது வருசமா ஓட்டறாரு. நேத்து சாய்ங்காலம் வண்டிய ஊட்டாண்ட நிறுத்திட்டு அதுக்குள்ளவே குந்திகினு இருந்தாரு. சாப்ட வரல."

"பேனர இன்னிக்கே எடுத்துடறோம்மா," என்றார் ஒருங்கிணைப்பாளர். "அப்புறம் இந்த வருஷத்தோட சிறந்த வீராங்கனை விருது உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணியிருக்கோம். மேடையில குடுக்கிறோம்."

அக்கா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தெருவில் கட்டிய பொய்யைத் தெருவில் போய்ச் சரிசெய்ய வேண்டும், நிறுத்திய வீடுகளுக்கு ஆள் வந்து சொல்ல வேண்டும் என்றார். நிறுவனம் அப்படியெல்லாம் வீடு வீடாகப் போக முடியாது என்றார் ஒருங்கிணைப்பாளர். அப்போதும் அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. அந்த மெதுவான குரலை இன்று நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ எய்துனியா?"

"ஆமாக்கா."

"எங்க மாமனார் கதைய உன்னாண்டதான சொன்னேன்?"

"ஆமா."

"வா."

போனேன். கள்ளிக்குப்பத்தில் இறங்கி, உச்சி வெயிலில் அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். முதல் வீடு புது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கணவனும் மனைவியும் கணினி வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பெண் கிரில் கதவைத் திறக்காமலேயே கேட்டாள். நான் சொன்னேன், நான்தான் எழுதினேன், அது பொய், அந்த மனிதர் குடிப்பதே இல்லை. அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். "ஐயோ, அப்படியா? ஸாரி. ஆனா நாங்க வேன் பேசிட்டோங்க" என்றாள். கதவுக்கு உள்ளே டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வீட்டுக்காரம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நீயா எய்துன? இன்னா பொண்ணும்மா நீ! அந்த மனுசன் வாயில வெத்தல பாக்கு கூட வச்சு நான் பாத்ததில்ல. எம்மாமியா கெயவி பேனர பாத்துட்டு வந்து ஒரே ரகள. நாளைலேந்து அனுப்பறேன், போ." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

கடைசியாக அக்காவின் வீடு. ஆட்டோ வாசலில் நின்றது. வீட்டுக்காரர் பின் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அக்கா, "இவதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ சொன்னேன், மேலிடத்தில் கேட்டார்கள், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று. அவர் துணியை மடித்தார்.

"எங்கப்பா மாரி ஆவக் கூடாதுன்னுதான்மா இத்தினி வருசம் இருந்தேன்," என்றார். "நீ என்னிய அவராவே ஆக்கிட்ட."

திட்டியிருந்தால் தேவலை.

அக்கா என்னைத் தெருமுனை வரை கொண்டுவிட்டார். "ஒரு ஊடு வந்துச்சு. ஒரு ஊடு வரல. அது உன் கணக்குல கீது," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கில்லை.

நான் அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. இன்னும் இரண்டு மாதம் அங்கேதான் இருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் திட்டம் வெற்றி என்று அறிக்கை போனது. குறிக்கோள் நிறைவேறியது, எனவே அடுத்த ஊருக்கு நகரலாம் என்று முடிவானது. எங்களைப் போன்றவர்களின் வெற்றி அப்படித்தான். ஓர் இடத்தில் நன்றாக நடக்கிறது என்று நிரூபித்துவிட்டால் அங்கே அதை நிறுத்திவிடலாம். வேப்பம்பட்டுக்குக் கொண்டுபோக டெம்போ வந்தது. பந்துகள், வலை, விசில், எடை மெஷின் எல்லாவற்றையும் பட்டியல் பார்த்து ஏற்றினோம். பெண்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். வலை கட்டிய இரும்புக் கம்பங்களைப் பிடுங்க ஆள் வந்தபோது மட்டும் அக்கா குறுக்கே போய் நின்றார்.

"வலைய எடுத்துகினு போ. பந்த எடுத்துகினு போ. கம்பம் எங்க ஊட்டுக்காரரு வாங்கியாந்து நட்டது. உன் லிஸ்ட்ல கீதா பாரு."

பட்டியலில் இல்லை. டெம்போ போய்விட்டது. அடுத்த வாரம் அந்தக் கம்பங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி ஆடினார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டேன். பழக்கதோஷம். "எண்ணலைங்க" என்றார்.

வேலையை விட்ட பிறகு, நிதி கொடுத்த கம்பெனிக்கு எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதினேன். என் பெயரைப் போட்டேன். நான் செய்ததையும் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி, அந்தத் திட்டம் ஏற்கெனவே மதிப்பிடப்பட்டு முடிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. மதிப்பிட்டது நான். அந்தப் பதிலை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டும் போலிருக்கும்.

இதை எழுதி முடித்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் குரலை அடையாளம் கண்டுகொண்டார். உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், நீங்கள் வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"படி," என்றார்.

படித்தேன். முழுவதும். நடுவில் குக்கர் சத்தம் கேட்டது. யாரோ எதையோ கேட்டதற்கு, "இரு, ஃபோன்ல கீறேன்" என்றார். வீட்டுக்காரரைப் பற்றிய இடத்தில் நிறுத்தி, இதைப் போடலாமா, இது மறுபடியும் அவரை வருத்தாதா என்று கேட்டேன். ஃபோனைப் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "போடலாமாம். இது நெசந்தானன்றாரு. பேரு மட்டும் வாணாம்" என்றார்.

கடைசி வரை கேட்டுவிட்டு, "ஒண்ணு தப்பு," என்றார்.

"எதுக்கா?"

"அன்னிக்கு ரெண்டாவது ஊட்டாண்டேந்து வரப்போ நீ அயுதுகினே வந்தேன்னு எய்திகீற. நீ அயுவல. நான் திரும்பித் திரும்பி பாத்துகினுதான வந்தேன். வேர்த்துச்சு. அவ்ளோதான்."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.